லேபிளை நாமே அடிக்கலாமா? (எண்ணெய், ஊறுகாய், பொடி விக்கிறவங்களுக்கு)

2023 பிப்ரவரி 11, கேள்வி

திண்டுக்கல்ல ஊறுகாயும் வத்தலும் போட்டு விக்கிறோம். மாசம் 600, 700 பாட்டில் போகும். ஊறுகாயில அஞ்சு வகை. ஒவ்வொரு வகைக்கும் 5000 லேபிளுக்குக் குறைஞ்சு பிரஸ்ல ஆர்டர் எடுக்க மாட்டேங்கிறாங்க. ஒரு இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கி வீட்லயே அடிச்சா மிச்சம்தானே? செஞ்சு பார்த்தவங்க யாராவது சொல்லுங்க.

2023 பிப்ரவரி 11, இரவு

தாராளமா அடிக்கலாம் அண்ணா. பெருந்துறைப் பக்கம் மரச்செக்கு வெச்சிருக்கோம். கடலெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், கூடவே மஞ்சள் தூள், இட்லிப் பொடி. செக்கு வீட்டுக்காரர் பொறுப்பு. பாட்டிலும் லேபிளும் கணக்கும் என் பொறுப்பு. மூணு வருஷமா லேபிளுக்கு வெளியே போனதில்லை.

கணக்கு இதுதான். ஏ4 ஸ்டிக்கர் ஷீட் ஒண்ணு எனக்கு 9 ரூபாய்க்குக் கிடைக்குது. அதில் எட்டு லேபிள் (99க்கு 67 மில்லிமீட்டர், ஏற்கெனவே வெட்டின ஷீட்). அப்போ ஒரு லேபிளுக்கு 1 ரூபாய் 13 பைசா. மையைச் சேர்த்தா ஒண்ணரை ரூபாய்க்குள்ள அடங்கிடும். ஈரோட்டுல டிஜிட்டல் பிரிண்ட் போடுற கடையில 200 லேபிள் கேட்டப்ப ஒண்ணு 4 ரூபாய்னாங்க. வித்தியாசம் கண்ணு முன்னாடி தெரியுது. யோசிக்காம பிரிண்டர் வாங்குங்க.

2023 பிப்ரவரி 12, காலை

ராத்திரி எழுதினதைத் திரும்பப் படிச்சேன். விட்டுப்போனது நிறைய. நீங்க என் பேச்சைக் கேட்டு இன்னைக்கே கடைக்குப் போயிடப் போறீங்கன்னு பயந்து உடனே எழுதுறேன்.

சாதாரண டேங்க் பிரிண்டர்ல வர்ற கலர் மை பெரும்பாலும் சாயம், அதாவது தண்ணில கரையுற வகை. பிக்மென்ட் மைன்னு ஒண்ணு உண்டு, அது தூளா காகிதத்து மேல உக்காரும், ஈரம் பட்டா சட்டுனு ஓடாது. சில மாடல்ல கறுப்பு மட்டும் பிக்மென்ட், மத்த மூணும் சாயம். வாங்குறதுக்கு முன்னாடி பெட்டியில எந்த மைன்னு படிச்சுப் பாருங்க. இதைத் தெரியாம வாங்கி எங்களோட முதல் வருஷ லேபிள் எல்லாம் ஈரக்கை பட்ட இடத்துல சிவப்பு ஓடி, ‘கடலெண்ணெய்’ எழுத்தைச் சுத்தி ரோஸ் கலர்ல படர்ந்து நின்னுது. அதுக்கப்புறம் ஒவ்வொரு லேபிள் மேலயும் ஒளி ஊடுருவுற டேப் ஒட்டினோம். அந்த டேப் காசும் ஒட்டுற நேரமும் நேத்து சொன்ன ஒண்ணரை ரூபாய்ல இல்லை.

இன்னொண்ணு. மாசம் ஒரு நாள் மட்டும் அடிச்சுட்டு மூடி வெச்சா ஹெட் (மை தெளிக்கிற முனை) காஞ்சு அடைச்சுக்கும். கிளீனிங் கொடுக்கக் கொடுக்க மை பிரிண்டருக்குள்ள இருக்கிற கழிவுப் பஞ்சுக்குப் போகும். அந்தப் பஞ்சு நிறைஞ்சுட்டா பிரிண்டர் ஒரு நாள் தானே நின்னுடும், பஞ்சை மாத்துறவரைக்கும் அசையாது. வாரத்துக்கு ரெண்டு தடவையாவது நாலு கலரும் கலந்த ஒரு பக்கம் அடிச்சுடணும்.

2023 பிப்ரவரி 12, மதியம்

லேசர் பிரிண்டர்ல அடிக்கலாமான்னு கேட்ட தம்பிக்கு: லேசர் டோனர் (மைக்குப் பதிலா போடுற தூள்) தண்ணில கரையாது, அது உண்மை. ஆனா உள்ளே ஃபியூசர்ங்கிற சூடான பாகம் கிட்டத்தட்ட 200 டிகிரிச் சூட்டுல டோனரை உருக்கித்தான் காகிதத்துல ஒட்டவைக்குது. ‘லேசருக்கு ஏற்றது’ன்னு போடாத பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஷீட்டை அதுல விடாதீங்க. எங்க சித்தப்பா பையன் விட்டான். ஷீட் உருகி உருளையைச் சுத்திக்கிச்சு, மெஷின் விலையில பாதி அதைச் சரி பண்ணவே போச்சு.

2023 பிப்ரவரி 19

கேள்வி கேட்ட அண்ணன் தனியா எழுதியிருந்தார்: ‘ஊறுகாய் பாட்டில்ல எண்ணெய் வழியும், லேபிள் தாங்குமா?’

நம்ம மாதிரி ஆளுங்களுக்கு உயிர்நாடியான கேள்வி இதுதான். எண்ணெய் ரெண்டுக்கு எதிரி: மை, பசை. மை பத்தி சொல்லிட்டேன். பசையைக் காப்பாத்த நாங்க செஞ்சது ஒரே மாத்தம்தான். முன்னாடி எண்ணெய் நிரப்பி, மூடி போட்டு, துடைச்சு, அப்புறம் லேபிள் ஒட்டுவோம். எவ்வளவு துடைச்சாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் பாட்டில்ல இருக்கும். ஒரு வாரத்துல லேபிளோட மூலை தூக்கும், அங்க தூசி சேரும், கடைக்காரர் பழைய சரக்குன்னு நினைப்பார். இப்போ காலி பாட்டில்ல காலையிலேயே லேபிள் ஒட்டி அடுக்கிடுறோம். மதியத்துக்கு மேல நிரப்புறோம். மூலை தூக்குறது நின்னுபோச்சு. காசு செலவில்லாத தீர்வு இது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்சு.

காகித லேபிள் எண்ணெய் பட்டா ஊறி, பின்னாடி இருக்கிற பாட்டில் நிறம் தெரியுற மாதிரி ஆயிடும். ஊறுகாய்க்குக் காகிதம் வேண்டாம். பிபி ஃபிலிம் (பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்) ஸ்டிக்கர் கேளுங்க.

2023 மார்ச் 4

தெர்மல் பிரிண்டர் (சூட்டால அச்சடிக்கிறது) வாங்கியாச்சு. நாலு இஞ்ச் அகலம், 203 டிபிஐ (ஒரு இஞ்ச்சுக்கு 203 புள்ளி), 11,500 ரூபாய்.

ரெண்டு வகை உண்டுன்னு வாங்கும்போதுதான் எனக்குப் புரிஞ்சுது. ஒண்ணு நேரடித் தெர்மல்: காகிதத்திலேயே ரசாயனப் பூச்சு இருக்கும், சூடு பட்ட இடம் கறுக்கும். பஸ் டிக்கெட், ஏடிஎம் சீட்டு எல்லாம் அந்த ஜாதி. இன்னொண்ணு ரிப்பன் போட்டு அடிக்கிறது: ஹெட்டோட சூட்டுல ரிப்பன்ல இருக்கிற மை உருகி லேபிள்ல ஒட்டிக்கும். என் மெஷின் ரெண்டும் செய்யும். ரிப்பன் வேண்டாம், செலவு குறைவுன்னு கடையில சொன்னாங்க. இப்போதைக்கு நேரடித் தெர்மல் ரோல் போட்டு அடிக்கிறேன். சத்தமே இல்லை, சர்ருனு வருது. நூறு லேபிள் அஞ்சு நிமிஷத்துக்குள்ள.

2023 ஏப்ரல் 22

மேல எழுதினதை நம்பி யாரும் நேரடித் தெர்மல் ரோல் வாங்கியிருந்தா பாட்டிலுக்குப் போடாதீங்க.

கோபியில ஒரு கடை, மேற்குப் பார்த்த முகப்பு. எங்க பாட்டிலை வரிசையா முன்னாடி வெச்சிருக்கார். சித்திரை வெயில். நேத்து அவர் ஒரு பெட்டி முழுக்கத் திருப்பி அனுப்பிட்டார். பிரிச்சுப் பார்த்தேன். வெயில் பட்ட பக்கம் எழுத்தே இல்லை. உத்துப் பார்த்தா வெளிறின சாம்பல் நிறத்துல ‘நல்’ மட்டும் தெரியுது. பின் வரிசை பாட்டில்ல எழுத்து இருக்கு, ஆனா எண்ணெய்க் கை பட்ட இடத்துல விரல் ரேகை வடிவத்துல மறைஞ்சிருக்கு. தேதி எங்கே, விலை எங்கேன்னு கேட்டா அவர் என்ன காட்டுவார்? 36 பாட்டில். எண்ணெய் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா தேதி தெரியாத பாட்டிலை விக்க முடியாது. உறவுக்காரங்களுக்குக் கொடுத்து முடிச்சோம்.

நேரடித் தெர்மலுக்கு ஒரே இடம் கூரியர் பெட்டி. 100க்கு 150 மில்லிமீட்டர் முகவரிச் சீட்டு, நாலு நாள்ல வேலை முடிஞ்சுடும். அதுக்கு அருமை, ரிப்பன் செலவு மிச்சம். மீதி ரோலை அதுக்குத்தான் வெச்சிருக்கேன்.

2023 ஏப்ரல் 23

ரிப்பன்ல மூணு தரம்: வாக்ஸ் (மெழுகு), வாக்ஸ்-ரெசின், ரெசின் (பிசின்). வாக்ஸ் மலிவு, காகிதத்துக்குச் சரி, நகத்தால சுரண்டினா வந்துடும், எண்ணெய்ல கலங்கும். ரெசின் விலை கூட, ஃபிலிம் லேபிளுக்கு, எண்ணெய்க்குத் தாங்கும், ஆனா ஹெட் சூட்டைக் கூட்டி வேகத்தைக் குறைக்கணும். நடுவுல இருக்கிறது வாக்ஸ்-ரெசின். எங்க பிபி லேபிளுக்கு அதையே போட்டு, நல்லெண்ணெய் தடவின துணியால இருபது தடவை தேய்ச்சுப் பார்த்தேன். ஓரம் லேசா மங்குச்சு, படிக்க முடிஞ்சுது. ரெசின்ல மங்கவே இல்லை. பொடிக்கு வாக்ஸ்-ரெசின், எண்ணெய்க்கு ரெசின்னு பிரிச்சுட்டேன்.

ரிப்பன் அகலம் லேபிளைவிட ஒரு சுத்து கூட இருக்கணும். குறைஞ்சா லேபிளோட ஓரம் ஹெட்டை நேரா உரசி அரிச்சுடும். ஹெட்டுல ஒரு புள்ளி செத்தா லேபிள் முழுக்க நேர்கோட்டுல ஒரு வெள்ளை இழை விழும். அழுக்காகவும் இருக்கலாம், ஒவ்வொரு ரிப்பன் மாத்தும்போதும் ஆறவெச்சு, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால ஒரே திசையில துடைங்க. துடைச்சும் இழை போகலைன்னா புள்ளி செத்துப்போச்சுன்னு அர்த்தம்.

2023 மே 9

தமிழ் எழுத்து. இதைப் பத்தி எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார்.

203 டிபிஐன்னா ஒரு மில்லிமீட்டர்ல 8 புள்ளி. இங்கிலீஷ் எழுத்து 8 புள்ளி உயரத்துல பிழைச்சுக்கும். நம்ம ‘ண’வை எடுத்துக்கோங்க. மூணு சுழி, அப்புறம் வளைஞ்சு இறங்குற கோடு. ‘ணெ’ன்னா முன்னாடி கொம்புல இன்னொரு சுழி. எட்டுப் புள்ளி உயரத்துல ஒவ்வொரு சுழிக்கும் உள்ளே ஒரு புள்ளி வெள்ளைதான் மிஞ்சும், ரிப்பன் மை கொஞ்சம் பரவினா அதுவும் அடைஞ்சுடும். பையனோட பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். ‘எண்ணெய்’ல நடுவுல மூணு கறுப்பு உருண்டை. ‘ய்’ மேல இருக்கிற புள்ளி ய-வோட ஒட்டிக்கிச்சு. ஊர்ல வயசானவங்க ‘இது என்னம்மா எழுதியிருக்கு’ன்னு கேட்டதுக்குக் காரணம் அவங்க கண்ணு இல்லை.

செஞ்சது: கோடு தடிமன் சீரா இருக்கிற எழுத்துரு எடுத்தேன். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் ரெண்டும் இலவசம், ரெண்டும் நல்லா வருது. தடிச்ச வடிவம் வேண்டாம், சுழி அடையும். உயரம் 2 மில்லிமீட்டருக்குக் கீழே இறக்குறதில்லை. டார்க்னஸை (அச்சோட கருமை அளவை) ரெண்டு படி குறைச்சேன். பிரிண்டருக்குள்ள பதிஞ்சிருக்கிற எழுத்துருவுல தமிழ் கிடையாது, அதனால லேபிளை முழுசா படமாத்தான் அனுப்பணும். டிரைவர் வழியா அடிச்சா அது தானே நடக்கும். பணம் இருக்கிறவங்க 300 டிபிஐ வாங்குங்க, மில்லிமீட்டருக்கு 12 புள்ளி. தமிழுக்கு அந்த நாலு புள்ளி பெரிய வித்தியாசம். நான் திரும்ப வாங்கினா அதைத்தான் வாங்குவேன்.

2023 மே 30

விலை ஏறிடுச்சு, பழைய லேபிள் மேல புது விலை ஸ்டிக்கர் ஒட்டலாமான்னு ஒருத்தர் கேட்டிருக்கார்.

கூடாது. நாங்க ஒட்டி, ஆய்வுக்கு வந்தவர் நின்ன நிலையிலேயே எடுத்துச் சொன்னார். நல்ல மனுஷர், அன்னைக்கு எச்சரிச்சு விட்டார். சட்ட எடையளவு, பொட்டலப் பொருள் விதிகள் 2011 சொல்றது இது: கட்டாயமா போட வேண்டிய விவரத்தை மாத்துறதுக்குத் தனி ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. விலையைக் குறைக்கிறதுக்கு மட்டும் ஒட்டலாம், அப்பவும் பழைய விலையை மறைக்கக் கூடாது. ஏத்துறதுக்கு வழியே இல்லை. கடலை விலை மாசத்துக்கு மாசம் ஏறி இறங்குற எங்க தொழில்ல விலை அச்சான 5000 லேபிள் வாங்கி வெக்கிறது எவ்வளவு ஆபத்துன்னு அன்னைக்குத்தான் உறைச்சுது.

லேபிள்ல வேண்டியது நாங்க சுவத்துல எழுதி ஒட்டியிருக்கோம்: பொருள் பெயர், உள்ளடக்கம், ஊட்டச்சத்து விவரம், நிகர அளவு, எம்ஆர்பி எல்லா வரியும் சேர்த்து, ஒரு அலகுக்கு விலை, தயாரிச்ச தேதி, காலாவதி தேதி, பேட்ச் எண், முழு முகவரி, புகாருக்குப் போன் எண், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், பச்சைச் சதுரத்துக்குள்ள பச்சை வட்டம். அரை லிட்டர் 170 ரூபாய்னா ஒரு மில்லிக்கு 34 பைசான்னும் போடணும். எண்ணெய்க்கு லிட்டரோட கிராமும் சேர்த்துப் போடுறோம். எங்களுது 1 லிட்டர், 910 கிராம்.

தமிழ்ல மட்டும் போட்டா போதாது. கட்டாய விவரம் இங்கிலீஷ்லயோ தேவநாகரி இந்தியிலயோ இருக்கணும், தமிழ் கூடுதலா வெச்சுக்கலாம். எனக்கு இதுல மன வருத்தம் உண்டு. எங்க பாட்டில் போறதெல்லாம் ஈரோடு, கோபி, பவானி. வாங்குறவங்க படிக்கிறது தமிழ். அதனால பெயரும் உள்ளடக்கமும் தமிழ்ல பெருசா, இங்கிலீஷ் கீழே விதிக்குத் தேவையான உயரத்துல. இடம் நெருக்கினாலும் தமிழைச் சின்னதாக்க மாட்டேன்.

2023 ஜூன் 2

மஞ்சளுக்கு ‘ஈரோடு மஞ்சள்’னு குறியீட்டு முத்திரை அடிச்சுக்கலாமான்னு கேட்டவருக்கு: 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது உண்மை. ஆனா முத்திரை போட, அங்கீகரிக்கப்பட்ட பயனாளரா பதிவு செஞ்சிருக்கணும். பிரிண்டர் கையில இருக்குங்கிறதால எதையும் அடிச்சுடக் கூடாது.

2023 ஜூலை 16

பார்கோடு. கோவையில ஒரு சூப்பர் மார்க்கெட்டுல சரக்கு எடுத்துக்கிட்டாங்க, 890-ல தொடங்குற எண் வாங்கி அச்சடிச்சோம். அவங்க ஸ்கேனர்ல பத்துல நாலு படிக்கலை.

ஒரு வாரம் மண்டையை உடைச்சேன். காரணம் இதுதான். இஏஎன்-13ங்கிற 13 இலக்கப் பார்கோடுல மெல்லிய கோடோட வழக்கமான அகலம் 0.33 மில்லிமீட்டர். 203 டிபிஐ ஹெட்டுல அது 2.64 புள்ளி. பாதிப் புள்ளி அடிக்க முடியாது, அதனால சில கோடு 2 புள்ளியாவும் சிலது 3 புள்ளியாவும் விழும். கண்ணுக்குத் தெரியாது, ஸ்கேனருக்குத் தெரியும். படமா செஞ்சு இழுத்துச் சுருக்கினா இன்னும் மோசம். லேபிள் மென்பொருள்லயே பார்கோடு உருவாக்கி, மெல்லிய கோடு சரியா 3 புள்ளின்னு வையுங்க. 0.375 மில்லிமீட்டர். ரெண்டு பக்க வெற்றிடத்தோட மொத்த அகலம் 42 மில்லிமீட்டரைத் தாண்டும், இடம் ஒதுக்கிடுங்க. 2 புள்ளி வெச்சா வழக்கமான அளவுல 76 சதவீதத்துக்குப் போயிடும், 80-க்குக் கீழே போகக் கூடாது. அந்த வெற்றிடத்துல ‘தூய்மையானது’ன்னு எழுதிப் பூ வரைஞ்சு வெக்காதீங்க, நான் வெச்சிருந்தேன்.

2023 ஆகஸ்ட் 6

ஆடிப்பெருக்குக்கு வந்த கூட்டத்துல வீட்டுல அச்சடிச்ச கறுப்பு வெள்ளை லேபிளும், பக்கத்துக் கடையோட கலர் லேபிளும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. ஜனங்க கை எங்கே போச்சுன்னு நின்னு பார்த்தேன். எண்ணெய் நம்மளுது நல்லா இருக்குன்னு எனக்குத் தெரியும், பாட்டிலைத் தொடாதவங்களுக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கு ராத்திரியே முடிவு பண்ணினேன், கலர் லேபிளுக்கு சிவகாசிதான்.

தீப்பெட்டிக்கு லேபிள் வேணும்னு வளர்ந்த அச்சுத் தொழில் அது. லேபிள்ங்கிறது அந்த ஊர்ல ஒரு உப தொழில் இல்லை, வேரே அதுதான். 5000 லேபிள், நாலு கலர் ஆஃப்செட், மேல லேமினேஷன். தேதி, விலை, பேட்சுக்கு மட்டும் வெள்ளைக் கட்டம் விட்டு டிசைன் கொடுத்தேன். அதை நம்ம மெஷின்ல அடிச்சுக்கலாம்னு கணக்கு.

2023 ஆகஸ்ட் 27

லேபிள் வந்துச்சு. நிறம் பார்த்து மாமியார் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. அந்தக் கடலை மஞ்சள் எங்க டேங்க் பிரிண்டர்ல மூணு வருஷம் முயற்சி பண்ணியும் வரலை.

ஆனா என் கணக்கு தப்பு. ஆஃப்செட்டுல வந்தது வெட்டின தனித்தனி லேபிள். என் மெஷின் எடுக்கிறது ரோல் மட்டும். இதை நான் கேட்கவும் இல்லை, அவங்க சொல்லவும் இல்லை. சரி, ரப்பர் ஸ்டாம்ப் போட்டுக்கலாம்னு தேதி உருளுற ஸ்டாம்ப் வாங்கினேன். வெள்ளைக் கட்டத்து மேலயும் லேமினேஷன் ஓடியிருக்கு. மை பளபளன்னு மேலேயே நிக்குது. பத்து நிமிஷம் கழிச்சுக் கட்டை விரலால தொட்டேன், ‘08’ முழுசா விரல்ல வந்துடுச்சு, கட்டத்துல நீலப் புகை மாதிரி ஒரு இழுப்பு. அரை மணி நேரம், ஒரு மணி நேரம், ராத்திரி முழுக்க ஃபேனுக்குக் கீழே. காலையிலயும் துடைச்சா போகுது. பிளாஸ்டிக்குக்குன்னு விக்கிற ஸ்டாம்ப் மை வாங்கி வந்து, அது ஒரு நிமிஷத்துல காயுது, அதை வெச்சு 5000-மும் ஓட்டினோம். நாலு பேர் உக்காந்து கையால தேதி, விலை, பேட்ச்.

பிப்ரவரில நான் எழுதின ‘வெளியே போக வேண்டாம்’ங்கிற பேச்சை வாபஸ் வாங்கிக்கிறேன். எல்லாத்தையும் வீட்டுல அடிக்கிறதும் தப்பு, எல்லாத்தையும் வெளியே அடிக்கிறதும் தப்பு. மாறாதது பிரஸ்ல, மாறுறது வீட்டுல. இந்த ரெண்டும் சேர்ற இடத்துலதான் நான் கோட்டை விட்டேன்.

2023 செப்டம்பர் 10

தின்பண்டம் போடுற காகிதப் பையில டேங்க் பிரிண்டர்லயே கடை பெயர் அடிக்கலாமான்னு கேட்ட தங்கச்சிக்கு: வேண்டாம்மா. முறுக்கோட எண்ணெய் காகிதத்தை ஊறி மையைத் தொடும், மை திரும்ப உள்ளே வரும். உணவுப் பொட்டலத்துல அடிக்கிற மை ஐஎஸ் 15495 தரத்துல இருக்கணும்னு எஃப்எஸ்எஸ்ஏஐயோட 2018 பொட்டல விதி சொல்லுது. வீட்டுப் பிரிண்டர் மை அதுக்குன்னு செஞ்சது இல்லை. செய்தித்தாள்ல கட்டுறதைத் தடுத்ததும் இதே அச்சு மைக்காகத்தான். உள்ளே உணவுத் தரக் கவர் போட்டு மூடி, வெளிப் பைக்கு லேபிள் ஒட்டு.

2023 அக்டோபர் 8

இந்தத் தடவை சரியா வந்துடுச்சு. தீபாவளிக்கு முன்னாடி எழுதிடுறேன், நவம்பர் 12 வரைக்கும் எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது.

ரோல் லேபிள் அடிக்கிற ஃபிளெக்ஸோ பிரஸ் தனியா இருக்கு. அங்கே கேட்டது, வார்த்தைக்கு வார்த்தை ஆர்டர் சீட்டுல எழுதிக் கொடுத்தது:

பிபி ஃபிலிம், 100 அகலம் 75 உயரம், ரெண்டு லேபிளுக்கு நடுவுல 3 மில்லிமீட்டர் இடைவெளி, ஒரு இஞ்ச் கோர் (ரோலுக்கு நடுவுல இருக்கிற குழல்), லேபிள் வெளிப்பக்கம் பார்த்துச் சுத்தணும், ரோலோட வெளி விட்டம் என் மெஷின் மூடிக்குள்ள அடங்கணும், வெள்ளைக் கட்டத்துல வார்னிஷ் கூடாது.

கடைசி வரிதான் உயிர். வார்னிஷ் மேல ரிப்பன் மை பிடிக்காது. முதல்ல பத்து மீட்டர் சாம்பிள் வாங்கி ஓட்டிப் பார்த்துட்டுத்தான் மீதிக்குச் சொன்னேன்.

மெஷின்ல மாட்டி, இடைவெளி சென்சாரை ஒரு தடவை பழக்கிவிட்டா ஒவ்வொரு கட்டத்துலயும் தேதியும் விலையும் பேட்சும் சரியா போய் உக்காருது. தனி ஸ்டிக்கர் இல்லை, அந்த லேபிள்லயே அச்சாகுது, அதனால மே மாசம் சொன்ன விதிச் சிக்கலும் வராது. விலை மாறினா கம்ப்யூட்டர்ல ஒரு எண்ணை மாத்துறேன், அன்னைக்கு நிரப்புற பாட்டிலுக்கு மட்டும் அடிக்கிறேன்.

ரிப்பன் கணக்கு: 300 மீட்டர் ரிப்பன், ஒரு லேபிளுக்கு 78 மில்லிமீட்டர் ஓடும். 3,800 லேபிளுக்கு மேல வருது. கட்டம் சின்னதா இருந்தாலும் முழு நீளமும் ஓடத்தான் செய்யும், அதனால லேபிளோட உயரத்தைக் குறைச்சா ரிப்பன் மிச்சம். இதை அடுத்த ஆர்டர்ல செய்யணும்.

2023 அக்டோபர் 9

ரிப்பன் மாட்டி அடிச்சா வெறும் வெள்ளையா வருதுன்னு கேட்டவருக்கு: மை இருக்கிற பக்கம் மாறியிருக்கும். ஒரு லேபிளை உரிச்சு அதோட பசைப் பக்கத்தை ரிப்பன் மேல வெச்சு எடுங்க. எந்தப் பக்கம் கறுப்பு ஒட்டிக்கிட்டு வருதோ அதுதான் மைப் பக்கம். அது லேபிளைப் பார்த்து இருக்கணும்.

2023 டிசம்பர் 3

டிசைன் கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. டிடிபி போடுற பல இடத்துல இன்னும் பழைய எழுத்துரு முறையும் பழைய கோரல்டிராவும்தான். நாம வாட்ஸாப்புல அனுப்புற யூனிகோடு தமிழ் அங்கே ஒட்டினா கட்டமா வரும், இல்லைன்னா கொம்பு இடம் மாறும். ‘எண்ணெய்’ல கொம்பு ண-வுக்குப் பின்னாடி போய் நின்ன புரூஃப் (சரிபார்க்கத் தர்ற மாதிரி) எனக்கு வந்துச்சு. அவங்க திரும்பத் தட்டச்சு செஞ்சா புதுப் பிழை: ‘கடலை’யில லை காணோம். இப்போ நானே இங்க்ஸ்கேப்ங்கிற மென்பொருள்ல வடிவமைச்சு, எழுத்தை எல்லாம் கோட்டு வடிவமா மாத்தி, பிடிஎஃப் அனுப்புறேன். யாரும் தட்டச்சு செய்ய வேண்டாம். அப்பவும் புரூஃபை மூணு பேர் வாய்விட்டுப் படிக்கிறோம். மூணாவது ஆள் ஆறாவது படிக்கிற என் பொண்ணு. அவ எழுத்துக் கூட்டிப் படிக்கிறதாலதான் பிழை மாட்டுது. பெரியவங்க பார்வை தாண்டிப் போயிடும்.

2024 ஜனவரி 21

பொங்கல் முடிஞ்சு வந்து பார்த்தா, கேள்வி கேட்ட திண்டுக்கல் அண்ணன் எழுதியிருக்கார். டேங்க் பிரிண்டர் வாங்கலை, ஒரு வருஷமா இங்க வர்றதைப் படிச்சுக்கிட்டே இருந்தாராம். ‘அஞ்சு வகைக்கும் தனித்தனியா 5000 ரோல் லேபிள் எனக்கு எப்படிக் கட்டும்’னு கேட்கிறார்.

அண்ணா, அஞ்சு லேபிள் எதுக்கு? ஒரே லேபிள் போதும். உங்க கடை பெயர், படம், பச்சைக் குறி, முகவரி, எஃப்எஸ்எஸ்ஏஐ எண் எல்லா வகைக்கும் ஒண்ணுதானே. அதைக் கலர்ல அடிச்சு வாங்குங்க. வெள்ளைக் கட்டத்தைப் பெருசா, லேபிள்ல பாதி விடுங்க. மாங்காயா, எலுமிச்சையா, நார்த்தங்காயா, பூண்டா, ஆவக்காயாங்கிறதும், உள்ளடக்கமும், ஊட்டச்சத்தும், அளவும், விலையும், தேதியும் கறுப்புல நீங்க அடிச்சுக்கோங்க. மாசம் 650 பாட்டில்னா 5000 லேபிள் ஏழெட்டு மாசத்துக்கு. எந்த வகை ஓடினாலும் லேபிள் தேங்காது. நாங்களே பொடிக்கு இப்படி மாறிட்டோம், நாலு பொடிக்கு ஒரே ரோல்.

வத்தலுக்கு எண்ணெய் கிடையாது, அதுக்கு வாக்ஸ்-ரெசின் போதும். ஊறுகாய்க்கு ரெசின். மெஷின் 300 டிபிஐ. ‘நார்த்தங்காய்’ல அந்த புள்ளியெல்லாம் தெளிவா விழணும்னா அது வேணும்.

2024 ஜனவரி 28

உங்க அஞ்சு பெயரையும் வெள்ளை பிபி ரோல்ல ரெசின் ரிப்பன்ல அடிச்சு, வகைக்கு நாலு லேபிள், நேத்து கூரியர்ல போட்டுட்டேன். என்னுது 203 டிபிஐதான், எழுத்து 3 மில்லிமீட்டர் உயரம் வெச்சிருக்கேன். ஒட்டினதும் தேய்க்காதீங்க, ஒரு நாள் விட்டு, உங்க ஊறுகாய் எண்ணெயையே விரல்ல தொட்டு ‘ஆவக்காய்’ மேல நல்லா தேய்ங்க. அது மங்கினா எனக்குச் சொல்லுங்க, சூட்டை ஒரு படி ஏத்தி இன்னொரு செட் அனுப்புறேன்.